எட்டு பாரில் ஒரு மெட்டு: இசையமைக்கப் புதிதாக வருபவர்களுக்கு

தைப்பூசம் முடிந்த வாரம், ஒன்பதாம் வகுப்பில் தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தி இடைவேளையில் என்னிடம் வந்தாள். கோயிலில் பத்து நாளும் பாடிப் பாடித் தொண்டை கட்டியிருந்தது. கிரியோலும் தமிழும் கலந்து கேட்டாள்: "மிஸ், எல்லாரும் பாடுனதையே நானும் பாடுறேன். நானே ஒரு பாட்டு கட்டணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

அன்றிரவு அவளுக்காக ஒரு தாளில் எழுதிக் கொடுத்த குறிப்புகளை இங்கே விரித்து எழுதுகிறேன். மொரிஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் நான் தமிழ் ஆசிரியை. இசை எனக்குத் தொழில் கிடையாது. மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் சில வருடம் வாய்ப்பாட்டு கற்றேன். ஐந்து கோடுகளில் சுரம் எழுதும் ஸ்டாஃப் நொடேஷனும், பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் கார்டும் பிறகு, முப்பது வயதுக்கு மேல், ஒரு பியானோ ஆசிரியையிடம் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தது. 2011இல் தொடங்கி இதுவரை 43 சிறு உருப்படிகள் எழுதியிருக்கிறேன். பாதி அந்த வகுப்பின் வீட்டுப்பாடங்கள், மீதி பள்ளிக்கும் கோயிலுக்கும் நண்பர்களுக்கும் எழுதியவை. அவற்றில் ஆறேழை இன்றும் தயங்காமல் எடுத்துக் காட்டுவேன். அந்த ஆறேழும் மற்ற முப்பத்தாறை எழுதியதால் வந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சுருதி விலகாமல் ஒரு பாட்டைப் பாட முடிந்து, ஏதாவது ஒரு வாத்தியத்தில் மெதுவாகவாவது ஒரு மெட்டை எடுக்கத் தெரிந்தால் போதும், தொடங்கலாம்.

முதலில் ஒரு நோட்டு

கணினி பிறகு. முதலில் தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டு வாங்குங்கள். எழுதும் ஒவ்வொரு உருப்படிக்கும் ஓர் எண், தேதி, யாருக்காக, எந்த வாத்தியத்துக்கு, எத்தனை நாளில் முடிந்தது என்று மேலே குறியுங்கள். முடியாததற்கு எண் கிடையாது. இந்த ஒரு விதியைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எண் விழ வேண்டும் என்ற ஆசையில் நாம் சிறிதாக எழுதி முடிக்கப் பழகுவோம். தொடக்கத்தில் நான் பெரிதாக, ஒரு முழு நாட்டிய நாடகத்துக்கே இசை என்று ஆரம்பித்து, பதினெட்டு மாதத்தில் மூன்று பக்கம் எழுதிவிட்டு விட்டேன். அந்தப் பதினெட்டு மாதத்தில் நான் எதுவும் கற்கவில்லை. ஒரு மெட்டை எப்படி முடிப்பது என்பது முடித்தால்தானே தெரியும்?

நேரம் இல்லை என்பவர்களுக்கு இரண்டு பெயர்களைச் சொல்வேன். ரஷ்யாவின் அலெக்சாண்டர் போரோடின் வேதியியல் பேராசிரியர், பெரும்பாலும் விடுமுறையிலும் உடம்பு சரியில்லாத நாட்களிலும் இசை எழுதியவர். சார்ல்ஸ் ஐவ்ஸ் நியூயார்க்கில் காப்பீட்டுத் தொழில் செய்தவர். அவருடைய மூன்றாவது சிம்ஃபனி எழுதிப் பல பத்தாண்டுகள் கழித்து 1946இல்தான் முதல் முறையாக வாசிக்கப்பட்டது, அடுத்த ஆண்டே அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. நமக்கு வாரத்தில் இரண்டு மாலைகள் கிடைத்தாலே ஆரம்பிக்கலாம். எனக்கு மிக நன்றாக வேலை நடந்த நாட்களில் சில, புயல் எச்சரிக்கை வந்து பள்ளி மூடி, கரண்டும் போய், மெழுகுவத்தியும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்த நாட்கள்.

காதால் கேட்டு எழுதுங்கள்

சொந்தமாக எழுதும் முன் பத்து மெட்டுகளைக் காதால் கேட்டு நோட்டில் எழுதுங்கள். தாலாட்டு, கோயிலில் பாடும் பஜனை, இத்தீவின் ஆட்டப் பாட்டான செகாவில் திரும்பத் திரும்ப வரும் அடி, எது வேண்டுமானாலும் சரி, சிறியதாக இருக்கட்டும். முதலில் ஸ எங்கே இருக்கிறது என்று பிடியுங்கள். பிறகு எந்தச் சுரத்தில் முடிகிறது என்று பாருங்கள். கைதட்டி எண்ணிக்கையைக் கண்டுபிடியுங்கள். அதற்கப்புறம் சுரம் சுரமாக எழுதுங்கள்.

சுர முறையும் தெரிந்து ஸ்டாஃபும் தெரிந்தவருக்கு இரண்டு கதவுகள் திறந்திருக்கும். சங்கராபரணத்தின் சுரங்களே மேற்கத்திய மேஜர் ஸ்கேல், நடபைரவி இயற்கை மைனர், மேசகல்யாணி லிடியன், அரிகாம்போதி மிக்ஸோலிடியன். சுரங்கள் ஒன்றே தவிர ராகம் ஒன்றாகிவிடாது, சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் இல்லாமல் ராகம் ஏது? ஆனால் கமகத்தை ஸ்டாஃபில் எழுதுவது மிகக் கடினம், வாசிப்பவருக்கும் புரியாது. ஆகவே முதல் உருப்படிகளுக்கு நேர் சுரங்களாக நிற்கும் மெட்டுகளையே எடுங்கள். இந்த இரண்டு இசைக்கும் நடுவில் நிற்பது நமக்குப் புதிதில்லை. முத்துசுவாமி தீட்சிதரே ஆங்கிலேயர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் சமஸ்கிருத சாகித்தியம் போட்டு நோட்டுஸ்வரங்களைச் செய்திருக்கிறார்.

பத்து மெட்டு எழுதி முடித்ததும் ஒன்று கண்ணில் படும்: பெரும்பாலானவை இரண்டு பார் (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று) நீளமுள்ள ஒரு சிறு சுரக்கட்டை வைத்துக்கொண்டு, அதையே திருப்பியும் உயர்த்தியும் மாற்றியும் கட்டியவை. புதிது புதிதாக எதையும் கொட்டுவதில்லை. என் முதல் மெட்டுகளில் ஒவ்வொரு பாரிலும் புது யோசனை இருந்தது. கேட்டவர்களுக்கு ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை.

எட்டு பார்

இப்போது உங்கள் மெட்டு. எட்டு பார், ஐந்து சுரம், ஒரு தாளம். கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்கு வேலை சுலபம். ராகம் மோகனம் என்று வைத்துக்கொள்வோம்: ஸ ரி க ப த. தாளத்துக்கு ஆறு எண்ணிக்கை, மேற்கத்திய கணக்கில் ஆறுக்கு எட்டு.

ஆறு எண்ணிக்கையை நான் ஏன் பிடித்துக்கொள்கிறேன் என்றால், இந்தத் தீவில் அது எங்கும் ஒலிக்கிறது. காவடிச் சிந்தின், மூன்று மூன்றாக எண்ணும் திச்ர நடையும் செகாவின் ஆட்டமும் இந்த ஆறில்தான் சந்திக்கின்றன. காவடியில் நடந்த கால்களுக்கும் செகாவில் தரையை விட்டு எழாமல் தேய்த்து ஆடும் கால்களுக்கும் ஒரே ஆறு. 2014இல் யுனெஸ்கோ மரபுச் செகாவைத் தன் பட்டியலில் சேர்த்தது. நாம் அதைச் சிறு வயது முதல் உடம்பிலேயே சேர்த்து வைத்திருக்கிறோம்.

ஒரு எழுத்துக்கு ஒரு எண்ணிக்கை, காற்புள்ளி என்றால் முன் சுரத்தை இன்னொரு எண்ணிக்கை நீட்டு என்று பொருள். முதல் இரண்டு பார்:

க , ரி க ப , | த , ப க , , |

இதைப் பத்துத் தடவை பாடுங்கள். இதுதான் விதை. மூன்றாவது பாரில் முதல் பாரை அப்படியே திருப்புங்கள், நாலாவது பாரில் மட்டும் கேள்வி கேட்பது போல் ரி-யில் நிறுத்துங்கள்:

க , ரி க ப , | ரி , க ரி , , |

ரி-யில் நின்றதும் காது 'அப்புறம்?' என்று கேட்கும். ஐந்தாவது, ஆறாவது பாரில் விதையை ஒரு படி மேலே ஏற்றுங்கள். மோகனத்தில் க-வுக்கு அடுத்தது ப, ரி-க்கு அடுத்தது க, த-வுக்கு அடுத்தது மேல் ஸ. ஆகவே:

ப , க ப த , | மேல்ஸ , த ப , , |

இதுதான் மெட்டின் உச்சி. எட்டு பாரில் ஒரே ஒரு முறை மேல் ஸ வருகிறது. அதை முன்பே தொட்டிருந்தால் இங்கே வந்து சேரும் சந்தோஷம் இருக்காது. பிறகு இறங்கி வீட்டுக்கு வந்துவிடுங்கள்:

க , ரி க ரி , | ஸ , , , , , |

முடிந்தது. நோட்டில் எண் போடுங்கள். இதே முறையில் இன்னும் நாலைந்து எழுதுங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு முறை விதையை ஏற்றுவதற்குப் பதிலாக இறக்குங்கள். ஒரு முறை உச்சியை ஏழாவது பாருக்குத் தள்ளுங்கள். ஒரு முறை ஆறை மூன்று மூன்றாக எண்ணாமல் இரண்டிரண்டாக மூன்று முறை எண்ணுங்கள். செகாவின் தோல் வாத்தியமான ரவான் வாசிப்பவர்கள் இந்த இரண்டு எண்ணிக்கையையும் ஒன்றோடொன்று பின்னுவார்கள், பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள்.

இரண்டாவது குரல்

நான் அதிகக் காலம் தடுமாறிய இடம் இது, ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கர்நாடக சங்கீதத்திலிருந்து வருபவருக்கு மெட்டுக்குக் கீழே தம்பூரா இருக்கிறது, ஸ-வும் ப-வும் மாறாமல் ஒலிக்கின்றன. மேற்கத்திய முறையில் கீழ்க்குரலும் நடக்கும். இரண்டு பேர் பேசிக்கொண்டு நடப்பது போல் இரண்டும் தனித்தனியாகவும் சேர்ந்தும் கேட்க வேண்டும்.

முதல் முயற்சியில் மேலே உள்ள மெட்டுக்கு ஒரு பாருக்கு ஒரு கீழ்ச்சுரம் போட்டுப் பாருங்கள். முதல் பாருக்கு ஸ, இரண்டாவதற்குக் கீழ் த, மூன்றாவதற்கு ஸ, நாலாவதற்கு ப. பியானோவில் வாசித்தால் முதல் இரண்டு பாரும் நன்றாக இருக்கும். மூன்றாவதிலிருந்து நாலாவதுக்குப் போகும்போது ஏதோ காலியாகக் கேட்கும். காரணம் இதுதான்: மூன்றாவது பாரின் கடைசியில் மேலே ப, கீழே ஸ. நாலாவது பாரின் தொடக்கத்தில் மேலே ரி, கீழே ப. இரண்டு இடத்திலும் நடுவில் இருப்பது அதே ஐந்தாம் இடைவெளி, அதாவது ஸ-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரம். கீழ்க்குரலும் இறங்கிப் போனால் இரண்டு குரலும் ஒரே திசையில் ஒட்டிக்கொண்டே நகர்கின்றன, இரண்டாவது ஆள் காணாமல் போய்விடுகிறார். குரல்களை இப்படிச் சேர்த்து எழுதக் கற்கும் ஆர்மனி வகுப்பில் இணை ஐந்து என்று சிவப்பு மையால் சுழிப்பது இதைத்தான்.

சரிசெய்வது சுலபம். மூன்றாவது பாரின் இரண்டாம் பாதியில் கீழ்க்குரலை க-வுக்கு ஏற்றுங்கள்: ஸ , , க , , . பிறகு அது மேலே ஏறி ப-வுக்குப் போகட்டும். மெட்டு ப-விலிருந்து ரி-க்கு இறங்கும்போது கீழ்க்குரல் க-விலிருந்து ப-வுக்கு ஏறுகிறது. ஒருவர் படியில் இறங்க, ஒருவர் ஏற, நடுவில் சந்திக்கிறார்கள். வாசித்துக் கேளுங்கள். அந்த ஒரு சுரத்தால் நாலு பாருக்கும் உயிர் வந்துவிடும். என் பியானோ ஆசிரியை இதைக் காட்டிய அன்று நான் அந்த இரண்டு பாரையும் முப்பது தடவையாவது வாசித்திருப்பேன்.

ஐந்தாவது பாரிலும் இதே சிக்கல் காத்திருக்கிறது, நேராக ஸ-வில் தொடங்காமல் க-வில் தொடங்கி ஸ-வுக்கு வாருங்கள். மீதியை நீங்களே தேடுங்கள், கடைசிப் பாருக்கு முன் கீழ்க்குரல் கீழ் ப-வில் நின்றுவிட்டு ஸ-வுக்கு வந்தால் போதும்.

இரண்டு குரல் எழுதுவது பெரியவர்கள் விளையாட்டாக விட்டுவிட்ட விஷயமில்லை. பாக் 1723இல் தன் 15 இரு குரல் இன்வென்ஷன்களின் முகப்பிலேயே, இவை இரண்டு குரலையும் தெளிவாக வாசிக்கவும் இசையமைப்பின் முதல் ருசியைப் பெறவும் என்று எழுதி வைத்தார். மாணவர்களுக்காக எழுதிய பயிற்சிகள்தான் அவை. வீட்டுப்பாடத்தை யாராவது மட்டமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

சொல் வரும்போது

தமிழ்ச் சொல்லுக்கு மெட்டுப் போடுபவர் குறிலையும் நெடிலையும் தாண்டிப் போக முடியாது. எங்கள் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு, கோர் தெ கார்த் மலையைப் பற்றி நானே எழுதிய ஒரு பாட்டுக்கு மேலே சொன்ன மெட்டைத்தான் போட்டேன். முதல் அடி 'மலை மேலே முகில்'. மெட்டின் முதல் சுரம் க இரண்டு எண்ணிக்கை நீளம். அதில் 'ம' விழுந்தது. அடுத்த ஒரு எண்ணிக்கை ரி-யில் 'லை'. அதற்கடுத்த ஒற்றைக் க-வில் 'மே'. பிள்ளைகள் நான் எழுதியபடியே சரியாகப் பாடினார்கள்: 'மாலை மெலே'.

பெற்றோர் தினத்தில் ஒரு பாட்டி என்னிடம் வந்து, "சாயங்காலப் பாட்டு ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். அவர் குறை சொல்லவில்லை, உண்மையாகவே பாராட்டினார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. இங்கே நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில்தான் தமிழ் கற்கிறார்கள். பாட்டில் தப்பாக ஏறிய சொல் அப்படியே மனதில் தங்கிவிடும். மலை மாலையாக, கல் காலாக, விடு வீடாக ஆகிவிடும்.

மறுநாள் முதல் பாரை மட்டும் மாற்றினேன்:

க ரி , க , ப |
ம லை , மே , லே |

'ம' ஒரு எண்ணிக்கை, 'லை' இரண்டு, 'மே' இரண்டு, 'லே' ஒன்று. முதல் எண்ணிக்கையிலும் நாலாவதிலும் 'ம'-வும் 'மே'-யும் விழுகின்றன, தட்டும் இடத்தில் சொல் தொடங்குகிறது. மெட்டின் முகம் பெரிதாக மாறவில்லை, ஆனால் இப்போது தமிழ் கேட்கிறது.

பாட்டுக்கு மெட்டுப் போடும் முன் இதைச் செய்யுங்கள்: வரியைச் சத்தமாக மூன்று முறை பேசுங்கள், பாடாதீர்கள். பேசும்போதே கைதட்டுங்கள். எந்த அசை நீள்கிறது, எது விரைகிறது, எங்கே மூச்சு விடுகிறீர்கள் என்று வரியின் மேல் பென்சிலால் குறியுங்கள். ஒற்றெழுத்தில் முடியும் அசையை, 'முகில்' என்பதில் 'கில்' போல, தாராளமாக நீட்டலாம். தனிக்குறிலை நீட்டவே வேண்டியிருந்தால் இரண்டு சுரங்களாகப் பிரிக்காதீர்கள், அதற்குப் பதிலாகச் சொல்லையே மாற்றுங்கள். சொல்லை மாற்ற மனம் வராவிட்டால் மெட்டை மாற்றுங்கள். இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒப்பேற்ற நினைக்காதீர்கள்.

யார் வாசிக்கப் போகிறார்கள்?

கணினியில் எழுதினால் எல்லாமே நன்றாக ஒலிக்கும். மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் எழுதிப் பாருங்கள், கற்பதற்கு ஒரு வாரம் போதும். ஆனால் அது வாசித்துக் காட்டும்போது மூச்சு விடாது, களைக்காது, விரல் வழுக்காது. ஆகவே எழுதும்போதே ஒரு மனிதரை மனதில் வையுங்கள். பெயர் தெரிந்த, முகம் தெரிந்த ஒருவர். பக்கத்து வீட்டுத் தம்பி வயலின் கற்கிறானா? அவனுக்காக எழுதுங்கள். அவனுக்குக் கையை நகர்த்தாமல் வாசிக்கும் முதல் நிலை மட்டும்தான் தெரியும் என்றால் அதற்குள்ளேயே எழுதுங்கள். வயலினின் அடித்தந்தியான ஜி-க்குக் கீழே சுரமே கிடையாது என்பது அப்போது தானாக நினைவுக்கு வரும்.

மேற்கத்திய ஃப்ளூட்டின் அடிச்சுரங்கள் மெல்லியவை. நம் எட்டு பார் மெட்டை நடு சி-யை ஸ-வாக வைத்து ஃப்ளூட்டுக்குக் கொடுத்தால், முடிவில் வரும் ஸ மற்ற வாத்தியங்களுக்குள் அமுங்கிவிடும். சுருதியை ஜி-க்கு ஏற்றுங்கள், மெட்டு பளிச்சென்று வரும். மூச்சையும் கணக்குப் போடுங்கள். ஒரு பாருக்கு இரண்டு தட்டு, எட்டு பாருக்குப் பதினாறு. நிமிடத்துக்கு அறுபது தட்டு என்றால் பதினாறு வினாடி. பள்ளிப் பிள்ளைக்கு அது ஒரே மூச்சில் வராது. நாலாவது பார் முடிவில் மூச்சுக்குறி போடுங்கள், ரி-யின் நீளத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

கிளாரினெட்டில்தான் நான் நன்றாக அடிபட்டேன். என் ஒன்பதாவது உருப்படி ஃப்ளூட், கிளாரினெட், செல்லோ மூன்றுக்கும். வாசிக்க ஒப்புக்கொண்ட மூவரும் தங்கள் ஞாயிற்றுக்கிழமையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். முதல் சுரத்திலேயே கோரமாக இருந்தது. சாதாரண கிளாரினெட் பி ஃப்ளாட் வாத்தியம்: தாளில் சி என்று இருந்தால் அதைவிட ஒரு முழு சுரம் கீழே, பி ஃப்ளாட் ஒலிக்கும். ஆகவே அதன் தாளை ஒரு முழு சுரம் மேலே எழுத வேண்டும். மென்பொருளில், எல்லா வாத்தியத்தையும் ஒலிக்கும் சுரத்திலேயே காட்டும் கான்செர்ட் பிட்ச் பட்டன் அழுத்தப்பட்டிருந்ததைக் கவனிக்காமல் அப்படியே அச்செடுத்துவிட்டேன். கிளாரினெட் வாசித்த அண்ணா பொறுமையாக எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே ஒரு சுரம் ஏற்றி வாசித்துக் காட்டினார். அப்படி ஒருவர் எல்லா நாளும் கிடைக்க மாட்டார். அச்செடுக்கும் முன் ஒவ்வொரு வாத்தியத்தின் தாளையும் தனியாகத் திறந்து முதல் சுரத்தைச் சரிபாருங்கள்.

செகா வாத்தியங்களைச் சேர்க்க விரும்புபவர்களுக்கு: ரவான் ஆட்டுத்தோல் போர்த்திய வாத்தியம், வாசிக்கும் முன் தீயில் காட்டித் தோலை இறுக்க வேண்டும். ஈரமான நாளில் நடுவிலேயே மறுபடி காட்ட வேண்டியிருக்கும். அதற்கு உங்கள் உருப்படியில் இடைவெளி விடுங்கள், அல்லது நிகழ்ச்சியில் முதல் வரிசையில் வையுங்கள். மராவான் கரும்பின் பூத்தண்டுகளை அடுக்கிக் கட்டிய தட்டைப் பெட்டி, உள்ளே விதைகள். ஆட்டும்போது ஆறு எண்ணிக்கையும் ஒரு சீராக ஓடும். இவற்றுக்கெல்லாம் ஒவ்வொரு தட்டையும் எழுதிக் கொடுக்காதீர்கள். எந்த பாரில் நுழைவது, எங்கே நிறுத்துவது, எங்கே மெதுவாக என்று மட்டும் எழுதிவிட்டு மெட்டைப் பாடிக் காட்டுங்கள். தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் நாம் அப்படித்தானே செய்கிறோம்.

ஒத்திகை

எழுதிய இசையை மற்றவர் வாசித்துக் கேட்காதவரை நீங்கள் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேர், இருபது நிமிடம் கிடைத்தாலும் போதும். தாளைப் பெரிய எழுத்தில் அச்செடுங்கள், ஒவ்வொரு பாருக்கும் எண் இருக்கட்டும். பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வு இருக்க வேண்டும். ஆளுக்கொரு பென்சில் கொண்டு போங்கள்.

முதல் முறை எங்கே தப்பினாலும் நிறுத்தாமல் கடைசி வரை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்காமல் கேளுங்கள். அப்போது எந்த இடத்தில் உங்கள் கவனம் வேறெங்கோ போயிற்று என்று பாருங்கள். உங்களுக்கே அங்கே அலுத்தது என்றால் கேட்பவருக்கும் அலுக்கும், அந்த பாரை வெட்டிவிடலாம். பிறகு வாசித்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த பார் கைக்கு வரலை?" பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள், பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கைக்கு வராத பாரைக் காட்டினால், பத்தில் எட்டு முறை அங்கே எழுதியவரின் தவறுதான் இருக்கும்.

கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அன்றே கேட்காதீர்கள். ஒரு வாரம் போகட்டும்.

நீளமாக எழுதும்போது

ஏழெட்டு உருப்படிக்குப் பிறகு நீளமாக எழுதலாமே என்று தோன்றும். புது மெட்டுகளைக் கோத்துக்கொண்டே போக வேண்டாம், ஒரே மெட்டுக்கு வேறுபாடுகள் எழுதுங்கள். எட்டு பார் மெட்டு, அதையே கீழ்க்குரலில் வைத்து மேலே புதியது, அதையே நடபைரவியின் சுரங்களில், அதையே நாலு எண்ணிக்கையில், கடைசியில் பழைய மெட்டு ரவானோடு. ஐந்து முறை எட்டு பார், நாற்பது பார். கீர்த்தனையில் சங்கதி போடுகிறவர்களுக்கு இந்த எண்ணமே பழக்கமானதுதான், முதலில் எளிமையாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விரித்து.

வகுப்பு வேண்டும் என்றால் மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனமும், மேற்கத்திய இசைக்குக் கத்ர் போர்னில் பிரான்சுவா மித்தரான் கன்சர்வத்வாரும் இருக்கின்றன. வகுப்பில் கொடுக்கும் பயிற்சிக்கும் நோட்டில் எண் கொடுங்கள். என் 14ஆம் எண் வெறும் ஆர்மனிப் பயிற்சி, பன்னிரண்டு பார். அதன் கீழ்க்குரலை அப்படியே எடுத்து 31ஆம் எண்ணில் செல்லோவுக்கு வைத்தேன். எங்கள் கோயில் ஆண்டு விழாவில் அதைத்தான் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

பழையதைத் திருத்துவதா, விட்டுவிடுவதா என்ற கேள்வி வரும். சொல் தப்பும் அச்சுத் தப்பும் இருந்தால் திருத்துங்கள். மற்றபடி விட்டுவிட்டு அடுத்ததை எழுதுங்கள். நான் ஒரே உருப்படியை இரண்டு வருடம் திருத்திக்கொண்டிருந்த காலத்தில் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. திருத்தியதும் முன்னைவிட நன்றாக ஆகவில்லை.

சேமிப்பு

ஒவ்வொரு உருப்படியையும் மூன்று விதமாகச் சேமியுங்கள்: மென்பொருளின் சொந்தக் கோப்பு, பிடிஎஃப், மியூசிக் எக்ஸ்எம்எல். 1988 முதல் இருந்த ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சியை 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனம் நிறுத்திவிட்டது. மியூசிக் எக்ஸ்எம்எல் இருந்தால் எந்த மென்பொருளிலும் மறுபடி திறக்கலாம். தாளில் ஒரு பிரதியும் வையுங்கள், பிளாஸ்டிக் உறைக்குள். இந்த ஈரத்தில் காகிதம் சீக்கிரம் பூத்துவிடும். மேடைக்கும் வானொலிக்கும் போக ஆரம்பித்தால் உரிமை பற்றி மாசா எனப்படும் படைப்பாளர் சங்கத்தில் விசாரியுங்கள். அதற்கு முன் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அந்த மாணவி போன வெள்ளிக்கிழமை தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். எண் 1, தேதி, 'அம்மாவுக்கு, கீபோர்டில்', ஒன்பது நாள். மோகனம், ஆறு எண்ணிக்கை, எட்டு பார். ஆறாவது பாரில் மேல் ஸ-வைத் தொடவில்லை, த-விலேயே நின்று திரும்பிவிட்டாள். பாடிப் பார்த்தேன், உச்சியைத் தேடிக் காது கொஞ்சம் ஏங்குகிறது. அது தெரியாமல் செய்ததா, வேண்டுமென்றே விட்டதா என்று நான் கேட்கவில்லை. "இரண்டாவது எப்போ?" என்று மட்டும் கேட்டேன்.